ராணியின் முதுகில் பதினெட்டு ராத்தல்

புதிதாக விசிலைக் கழுத்தில் மாட்டியிருக்கும் தம்பிகளுக்கு,

நான் அதைக் கழற்றி ஆணியில் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. அனுபவம் உள்ளவர் நாலு வார்த்தை எழுதித் தரக்கூடாதா என்று கேட்டீர்கள். எத்தனை தண்டால், எத்தனை பஸ்கி, கர்லாக் கட்டையை எந்தத் தோளுக்கு எப்படிச் சுற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படம் போட்ட புத்தகங்களே வைத்திருக்கிறீர்கள். நான் எழுதப்போவது என் முட்டாள்தனத்தைப் பற்றி. அதற்குப் படம் போட்ட புத்தகம் இன்னும் வரவில்லை.

யுத்தத்துக்கு முந்திய சமாசாரம் இது. பகலில் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை. விடியற்காலையில் அல்சூர் ஏரிக்கரை பக்கத்தில் என் தாலிம்கானா என்கிற தேகப்பயிற்சிக் கூடம். செம்மண் கொட்டிய தரை, ஓட்டுக் கூரை, சுவரோரம் கர்லாக் கட்டைகள். பதினைந்து வருஷம் அங்கே பாடம் சொல்லியிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: மாஸ்டர், உடம்பு ஏறணும். ஏற்றி அனுப்பினேன். தென்னங்குச்சிபோல வந்தவர்கள் வாசல் நிலையில் தோள் இடிக்க வெளியே போனார்கள். என்னைப்போல வாத்தியார் கண்டோன்மெண்டிலேயே இல்லை என்று ஊரில் பேசினார்கள். நானும் மறுக்கவில்லை.

உடம்பு இறங்கணும் என்று கேட்டு வந்த முதல் ஆள் தபேதார் ஆரோக்கியசாமி. குதிரைப் போலீஸில் ஏட்டு மாதிரியான பதவி அது. காக்கிச் சட்டையின் பொத்தான்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தன. கூடவே அவருடைய மனைவி பிலோமினா. மாதா கோயிலுக்கு அருகே பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்றாவதாக வந்தது ராணி. செம்பழுப்பு நிறப் பெண்குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதை வாசலில் கட்டிவிட்டு உள்ளே வந்தார்கள்.

டீச்சரம்மாதான் விஷயத்தைச் சொன்னார். தபேதாரின் படைக்குப் புதிதாக ஒரு துரை வந்திருக்கிறார். வந்த வாரமே சவாரிக்காரர்கள் எல்லாரையும் சேணத்தோடு சேர்த்துத் தீவனக் கிடங்குத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டார். இவ்வளவுக்கு மேல் இருப்பவன் குதிரையில் ஏறக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்தார். தபேதார் அதற்குமேல் பதினெட்டு ராத்தல்; துரை கணக்கில் பவுண்டு. நாலு மாதம் தவணை. அதற்குள் இறங்காவிட்டால் தபேதாருக்கு நடந்தே ரோந்து போகும் டியூட்டி. ராணி வேறு ஒருவனுக்குப் போய்விடும். அந்த வேறு ஒருவன் யார் என்றும் தெரியும். கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தே பழகிய ஆள்.

துரை சரியான கெடுபிடி ஆசாமி போலிருக்கிறது என்று நான் அனுதாபமாகச் சொன்னேன். அதுவரை வாய் திறக்காத தபேதார் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"துரை மேல தப்பு இல்ல, மாஸ்டர். அவ முதுகுல புண்ணு கண்டிருக்கு. சேணத்துக்குக் கீழ. ஒன்பது வருஷமா என்னைச் சுமக்கறா, ஒரு நாள் முரண்டு பண்ணதில்ல. நான்தான் கவனிக்காம வளந்துட்டேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் நெஞ்சை நிமிர்த்தி, நாலு மாதம் எதற்கு, இரண்டே போதும் என்று சொல்லிவிட்டேன். தம்பிகளே, முதல் நாளில் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். வாக்குக் கொடுத்த வாய்க்கு அப்புறம் ஒத்துக்கொள்ளத் தெரியாது.

ஆரம்ப எடை எடுக்க வேண்டும். ஆளை நிறுக்கும் தராசு என்னிடம் ஏது? பக்கத்து விறகு டிப்போவுக்குப் போனோம். டிப்போக்காரர் கன்னடக்காரர், குறும்பு பிடித்த மனிதர். தபேதார் தட்டில் ஏறி உட்கார்ந்ததும், "ஹசீ சௌதேனோ, ஒணகித் சௌதேனோ?" என்று கேட்டார். பச்சை விறகா, காய்ந்த விறகா என்று. பச்சைதான், காய வைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்றேன். எல்லாரும் சிரித்தோம். தபேதார் இறங்கினார். டீச்சரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு தடவ ஏறுங்களேன், மாஸ்டர்," என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்குப் புஜம் இருந்தது, மார்பு இருந்தது. அவற்றுக்குக் கீழே, ஜிப்பாவுக்குள் அடக்கி வைத்திருந்த இன்னொன்றும் இருந்தது. வாத்தியார் என்று உட்கார்ந்தபின் விசில் ஊதுவதைத் தவிர வேறெந்தப் பயிற்சியும் நான் செய்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"பாடம் நடத்துறவங்க பரீட்சை எழுதறதில்ல, டீச்சரம்மா," என்று சமாளித்தேன்.

அவர் என் ஜிப்பாவின் கடைசிப் பொத்தானை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

மறுநாளே ஆரம்பித்தோம். தபேதார் போலீஸ்காரர் அல்லவா, சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஐம்பது தண்டால் என்றால் ஐம்பது. நடுவில் மூச்சு வாங்கினால்கூட என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதினேன். பயிற்சி முடிந்ததும் தாலிம்கானாவின் வழக்கப்படி ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, மேலே ஒரு துண்டு வெல்லம், என் கையாலேயே அவருடைய உள்ளங்கையில் வைப்பேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார். வாத்தியார் கை கடலையை வேண்டாம் என்று சொல்வது எங்கள் தொழிலில் பெரிய அவமரியாதை. எனக்குத் தெரிந்து அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கடலையோடு நிற்கவில்லை. கசரத் செய்த உடம்பு வாடக்கூடாது என்பது என் பாடத்தின் முதல் வரி. ஒரு படி பால், அரைத்த பாதாம், ஆறு முட்டை, சாதத்தில் நெய் என்று வழக்கமான பட்டியலை எழுதிக் கொடுத்தேன். பயில்வான்கள் அத்தனை பேரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். தபேதாரும் சிரத்தையாகச் சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்து விறகு டிப்போவுக்குப் போனோம். மூன்று ராத்தல் ஏறியிருந்தது.

டிப்போக்காரர் மரம் மழையில் நனைந்துவிட்டதா என்று விசாரித்தார். நான் உடனே, கொழுப்பு கரைந்து சதை இறுகியிருக்கிறது, இறுகிய சதை கனக்கத்தான் செய்யும் என்று ஏதோ அளந்தேன். அரைகுறை உண்மை அது. அவசரத்தில் மாட்டிக்கொண்ட வாத்தியாருக்கு அரைகுறை உண்மையைப்போல உதவுவது வேறில்லை. டீச்சரம்மா பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். முதல் நாளிலிருந்து கணவர் சாப்பிட்டது எல்லாம் தேதிவாரியாக எழுதப்பட்டிருந்தது. வகுப்பில் ஆஜர் பட்டியல் வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். பால் ஒரு படி. முட்டை ஆறு. நெய் மூன்று கரண்டி. அடுத்த நாள், பால் ஒரு படி. விறகுக்கு வந்த நாலு பேர் நின்று கேட்டார்கள்.

வாசித்து முடித்து நோட்டை மூடினார். "இவரைப் பயில்வான் ஆக்கச் சொல்லல, மாஸ்டர். என்னைக் கல்யாணம் பண்ணப்ப இருந்த ஆளா ஆக்கிக் குடுங்கன்னுதான் கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக ஏற்றியே பழகிய கை. இறக்க வேண்டியவனுக்கும் ஏற்றுகிறவனின் சாப்பாட்டையே எழுதிக் கொடுத்திருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்க்காமல், எனக்கு என்ன தெரியுமோ அதைக் கொடுத்திருக்கிறேன். அப்போதே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஒத்துக்கொள்ளவில்லை. பாலையும் பாதாமையும் முட்டையையும் இன்றோடு நிறுத்துகிறோம், இதுவும் பாடத்தின் அடுத்த கட்டந்தான் என்று பெருமையாகச் சொன்னேன். தாலிம்கானாவில் வாங்கி வைத்திருந்த பாதாம் வீணாகக்கூடாதே என்று அதை நான் சாப்பிட்டேன். கைப்பிடிக் கடலையை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. அது வழக்கம்.

மூன்று மாதம் இருந்தது. இருபத்தொரு ராத்தல் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்த வாத்தியார் கெட்டிக்காரத்தனம் பண்ணப் போவான். குதிரைப் பந்தய மைதானத்தில் வேலை பார்க்கும் ஒரு தெரிந்தவர், ஜாக்கிகள் பந்தயத்துக்கு முன்னால் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள், வாரத்தில் அஞ்சு ராத்தல் பறந்துவிடும் என்றார். தண்ணீர் மட்டும் குடிக்கக்கூடாதாம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வெயில் ஏறின பிறகு, தபேதாரைக் கறுப்புக் கம்பளியில் சுற்றி ஏரிக்கரையில் ஓடவிட்டேன். துணி துவைக்கிறவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திருவிழாவுக்கு வேஷம் கட்டிப் பழகுகிறாரா என்று ஒரு அம்மாள் என்னிடமே கேட்டாள்.

ஒரு வாரத்தில் சொன்னபடி அஞ்சு ராத்தல் இறங்கியது. நான் தெருவில் கொஞ்சம் அகலமாகவே நடந்தேன். எட்டாம் நாள் காலை ஓட்டம் முடிந்து, தபேதார் தொண்டை வறண்டு டியூட்டிக்குக் கிளம்பினார். ராணி மேல் ஏறி ஏரிக்கரையில் நூறு அடி போயிருப்பார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே வழுக்கிக் கீழே விழுந்தார்.

நான் ஓடினேன். அந்த நூறு அடியை ஓடி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு முட்டியது. போய்ப் பார்த்தால், தபேதார் ராணியின் நாலு கால்களுக்கு நடுவே கிடக்கிறார். ராணி அசையவில்லை. முன்கால் ஒன்று பாதி தூக்கியபடியே நின்றது; கீழே வைத்தால் அவர் கையில் படும். பால்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்து, நாங்கள் அவரை வெளியே இழுக்கிற வரைக்கும் அந்தக் காலை அது கீழே வைக்கவில்லை. ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். குதிரைக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை.

தபேதார் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்து எழுந்தார். என்னைத் திட்டவில்லை. ராணியின் நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "இனிமே டியூட்டி நேரம் தவிர இவ மேல ஏற மாட்டேன், மாஸ்டர். கூடவே நடக்கறேன்," என்றார். லகானைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு மைல் தூரத்திலிருந்த லாயத்துக்கு நடந்தே போய்விட்டார். குடித்த தண்ணீரோடு, இறங்கின அஞ்சில் நாலு ராத்தல் இரண்டே நாளில் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் டீச்சரம்மா வந்தார். நான் தலை குனிந்து, என்னால் முடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்று உண்மையைச் சொன்னேன். அந்த வேலையில் நான் பேசிய முதல் முழு உண்மை அதுதான்.

"அவரு ராணியோட நடக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. மறுபடி எங்கியாவது விழுந்தா தூக்க ஒரு ஆள் கூட இருக்கணும்," என்றார். "விசில் வேணாம், மாஸ்டர். ஆள்தான் வேணும்."

அப்படித்தான் நான் நடக்க ஆரம்பித்தேன். விடிந்ததும் தாலிம்கானாவில் அரை மணி நேரம் பயிற்சி, அதுவும் மிதமாக. அப்புறம் ஏரியைச் சுற்றி இரண்டு சுற்று. நடுவில் ராணி, இந்தப் பக்கம் தபேதார், அந்தப் பக்கம் நான். பெண்குதிரையின் நடைக்கு ஈடு கொடுப்பது என்றால் என்ன என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். வாத்தியார் என்று அது தாட்சண்யம் பார்க்காது. நான் பின்தங்கினால் திரும்பி ஒரு பார்வை பார்க்கும்; டீச்சரம்மா பார்க்கிற அதே பார்வை. முதல் வாரம் என் கணுக்கால் வீங்கியது. தபேதார் என்னிடம், மாஸ்டர், மூச்சை மூக்கால இழுங்க என்று என் பாடத்தையே எனக்குச் சொன்னார்.

சாப்பாட்டை டீச்சரம்மா எடுத்துக்கொண்டார். ராத்திரிச் சோற்றுக்குப் பதில் ராகிக் களி, கூடவே கீரை. ராணிக்குப் போடும் கொள்ளையே வாங்கி ரசம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரியாணி உண்டு, ஆனால் ஒரே தட்டு. நடுவில் ஈஸ்டருக்கு முந்திய விரத நாட்களான தபசு காலம் வேறு வந்து சேர்ந்தது. சாமிக்காக ஒறுத்தல் செய்கிறாயா, குதிரைக்காகவா என்று பங்குச் சாமியாரே கேட்டாராம்.

பெரிய ஆபத்து கடைத்தெருவில் இருந்தது. தபேதார் ரோந்து போகும் வழியில் ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவர் செல்லம். பேக்கரிக்காரர் பன் நீட்டுவார், காய்கறிக்கார அம்மாள் கேரட் நீட்டுவாள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். தபேதார் வாங்கிக்கொள்வார், நன்றி சொல்வார், சேணத்தில் தொங்கும் தோல்பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று நினைத்தேன். என் கைப்பிடிக் கடலையையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இப்போதெல்லாம் போகிற வழியில் சாப்பிடுகிறேன் என்பார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு ராத்தல் வீதம் இறங்கியது. சில வாரம் ஒன்று. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அன்று தபேதார் தட்டிலிருந்து இறங்கவே மறுத்து உட்கார்ந்துவிட்டார். டிப்போக்காரர் விறகு நிறுக்க வேண்டும் சாமி என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. ஆனால் பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டாயிற்று. மாடிப்படி ஏறினால் இரைப்பதில்லை என்றார். ராணியின் முதுகுப் புண்ணும் ஆறி, மயிர் முளைக்க ஆரம்பித்திருந்தது. கடைசி வாரம் விறகுத் தராசில் நிறுத்தபோது ஒரு ராத்தல்தான் பாக்கி. டிப்போத் தராசு ஆட்டம் ஆடுகிற தராசு. இந்தப் பக்கமும் சொல்லலாம், அந்தப் பக்கமும் சொல்லலாம்.

தவணைக்கு முந்தின நாள், தீவனக் கிடங்கில் கணக்கெழுதும் முன்ஷி என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், தபேதார் மேல் பிரியம். தராசுத் தண்டுக்கு அடியில் ஒரு விரல் கொடுத்தால் இரண்டு ராத்தல் காணாமல் போகும், துரைக்குத் தெரியாது, கண்ணைக் காட்டினால் போதும் என்றார். தம்பிகளே, நான் உங்களுக்கு நல்லவனாகத் தெரிய வேண்டும் என்று இதை மறைக்கப் போவதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒரு ராத்தலுக்காக ராணியைப் பறிகொடுப்பதா என்று தோன்றியது. எனக்கும் அதன் மேல் ஒட்டுதல் வந்துவிட்டிருந்தது.

தபேதாரிடம் சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் வெகுநேரம் ராணியின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"தராசா அவளச் சுமக்குது, மாஸ்டர்? அவதானே என்னைச் சுமக்கறா. அவளுக்குத் தெரியுமே."

நான் இன்னொரு சீப்பை எடுத்து ராணியின் வாலைச் சீவ ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை பயிற்சி முடிந்து வழக்கம்போல கடலை கொடுத்தேன். ராசிக்காக அன்று இரண்டு கைப்பிடி. தபேதார் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். டீச்சரம்மா லாயத்தின் கேட்டுக்கு வெளியே ஜெபமாலையோடு நின்றார். கிடங்கு வாசலில் பெரிய தட்டுத் தராசு. பக்கத்துக் கம்பத்தில் ராணியைக் கட்டினார்கள். சேணத்தைக் கழற்றித் தபேதார் மடியில் வைத்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்தார். துரை எடைக் குண்டுகளைத் தானே பார்த்து வைத்தார்.

தண்டு சாயவில்லை. துரை ஒரு குண்டைச் சேர்த்தார், இன்னொன்றைச் சேர்த்தார். ஒன்றரை ராத்தல் அதிகம்.

முன்ஷி தண்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். தபேதாரைப் பார்த்தார். தபேதார் மெல்லத் தலையை அசைத்தார்: வேண்டாம். எனக்கு ஓடிப்போய் நானே அந்தத் தண்டைப் பிடித்துவிடலாமா என்றிருந்தது. தபேதார் தட்டில் உட்கார்ந்தபடியே சல்யூட் வைத்தார். தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டதாகவும், தனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருப்பதாகவும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். ராணிக்கு வாய் மிருதுவானது. கடிவாளத்தை இழுக்காத ஒருவனுக்கு அவளைக் கொடுங்கள். துரை காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கம்பத்தில் கட்டியிருந்த ராணி கழுத்தை நீட்டியது. கயிறு இறுகியது. இன்னும் கொஞ்சம் நீட்டி, தபேதார் மடியில் இருந்த சேணத்துக்குள் மூக்கை நுழைத்துத் தோல்பையை நெம்பியது. தட்டு ஆடியது. குண்டு ஒன்று உருண்டு துரையின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது. துரை பையைக் காட்டி, அதில் என்ன என்று கேட்டார்.

தபேதாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பையைத் திறந்தார். அஞ்சாறு கேரட். முந்தின நாள் பன் இரண்டு. ஒரு கட்டி வெல்லம். இலையில் மடித்த, ஊறின கொண்டைக்கடலை. என் கடலை. காலையில் நான் ராசிக்காகக் கொடுத்த இரண்டு கைப்பிடியும் அப்படியே இருந்தது. இரண்டரை மாதமாக நான் கையில் வைத்ததை எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அவளுடைய கொள்ளில் வைத்த ரசத்தை இவர் குடித்திருக்கிறார். இவருடைய கடலையை அவள் தின்றிருக்கிறாள். வழக்கத்தை மீறவும் இல்லை, என் மனதை நோகவிடவும் இல்லை. வேண்டாம் மாஸ்டர் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி நான் அவரை வைத்திருக்கவில்லை.

துரை எல்லாவற்றையும் தரையில் கொட்டச் சொன்னார். காலிப் பையோடு மறுபடி நிறுத்தார். தண்டு ஆடியது, நின்றது, குண்டுகளின் பக்கமாக ஒரு நெல் அளவு சாய்ந்தது. போதும் என்றார் துரை. முன்ஷி அல்லாவைக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே டீச்சரம்மா மாதாவைக் கூப்பிட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

துரை ராணியின் முதுகைத் தடவிப் பார்த்தார். ஆறின இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சேணத்தைப் போடச் சொன்னார். வயிற்றுவார் பழைய ஓட்டையில் எட்டவில்லை. இரண்டு ஓட்டை தள்ளித்தான் போட முடிந்தது. ஆளை இறக்கியாயிற்று, அடுத்த நாலு மாதத்தில் குதிரையை இறக்கு என்று தபேதாருக்கு உத்தரவு போட்டுவிட்டு, தரையில் கிடந்த கேரட் ஒன்றை எடுத்துத் தானே ராணிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

டீச்சரம்மா உள்ளே வந்தார். கணவரைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், தரையில் கிடந்த என் கடலையைப் பார்த்தார். கடைசியாக என் ஜிப்பாவின் கடைசிப் பொத்தானைப் பார்த்தார்.

"தராசு காலியாத்தான் இருக்கு, மாஸ்டர். பரீட்சைக்கு வரீங்களா?"

ஏறினேன். முன்ஷி எண்ணை உரக்கப் படித்தார். அதை இங்கே எழுதப் போவதில்லை. தபேதார் முதல் நாள் விறகுத் தராசில் ஏறினபோது இருந்ததைவிட ஆறு ராத்தல் அதிகம் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். அவர் நிறுத்திய பாதாம் எங்கே போயிற்று என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் தாலிம்கானாவுக்குப் போனேன். வாசலில் ராணியும் தபேதாரும் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். டீச்சரம்மா என் வீட்டுக்குப் போய், என் சம்சாரத்துக்குக் கொள்ளு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தபேதார் தகவல் சொன்னார். விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, பல வருஷம் கழித்து நான் தண்டால் எடுத்தேன். பதினொன்று. தபேதார்தான் எண்ணினார், ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை. பிறகு ஏரியைச் சுற்றி இரண்டு சுற்று.

திரும்பி வந்ததும் அவர் ஊறவைத்த கடலையில் ஒரு கைப்பிடி அள்ளினார். வழக்கம் தெரிந்தவன் நான், மரியாதையாக உள்ளங்கையை நீட்டினேன்.

தபேதார் என்னைத் தாண்டிப் போய் அதை ராணியிடம் நீட்டினார்.